"என்ன பண்ணினே?" "விளையாண்டேன்!" – எல்கேஜி மிஸ்ஸிடம் சில கேள்விகள்

அடையாறு பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் 17 வருடமாக எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளோடு இருக்கிறேன். விளையாட்டு வழி வகுப்பு எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு மூணரை வயசு. என்ன பண்ணினேன்னு கேட்டா "விளையாண்டேன்"னு மட்டும் சொல்றான். அப்படி என்னதான் நடக்குது?

ஒன்பது மணிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றித் தன் படம் ஒட்டிய தட்டில் வைப்பான். பெயர் படிக்கத் தெரியாது என்பதால் ஒருவனுக்கு ஆட்டோ, ஒருத்திக்குக் காக்கா. பிறகு வட்டமாக உட்கார்ந்து பாட்டு, யார் வரவில்லை என்று எண்ணுவது. இது 15 நிமிடம். அதைத் தாண்டினால் பக்கத்துப் பிள்ளையின் ஜடையை இழுக்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கட்டை, செப்பு சாமான், களிமண் என்று எந்த மூலை வேண்டுமோ அங்கே. ஸ்நாக்ஸ், வெளியே மணல், கதை, 12.15க்கு வீடு. மார்ச் பிறந்துவிட்டால் மணல்தான் முதலில். நம்ம ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு மணலில் கால் வைக்க முடியாது.

"என்ன படிச்சே?" என்பதற்குப் பதில், "இன்னிக்கு யார்கூட சண்டை?" என்று கேட்டுப் பாருங்கள். முழுக் கதையும் வரும்.

அம்பத்தூரிலிருந்து ஒரு டீச்சர்: "எடுத்து வைங்க"ன்னு சொன்ன உடனே வகுப்பே ரணகளம் ஆயிடுது மேடம். 22 பிள்ளைங்க, நானும் ஒரு ஆயாம்மாவும்தான்.

எனக்கும் ஆரம்பத்தில் இதே கதைதான். ஒரு நாள் ஒரு பையன் கட்டைகளில் சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தான். பிளாட்பாரம் முடிந்துவிட்டது, ரயில் இன்னும் வரவில்லை. நான் கைதட்டி "டைம் ஆச்சு" என்று கலைத்துவிட்டேன். ஒரு கட்டை பறந்து வந்து என் முழங்காலைப் பதம் பார்த்தது. அவன்மேல் தப்பே இல்லை.

அதிலிருந்து, முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு மூலையாகப் போய் உட்கார்ந்து சொல்கிறேன். "அஞ்சு நிமிஷம்" என்றால் அவர்களுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு கட்டை வைக்கலாம்", "இன்னும் ஒரு தோசை சுடலாம்" என்றால் புரியும். முடியாத ஸ்டேஷன்மேல் ஒரு சிவப்புத் துணியைப் போட்டுவிடுவேன், நாளைக்குத் தொடரலாம். அலமாரித் தட்டில் ஒவ்வொரு கட்டையின் உருவத்தையும் வரைந்து ஒட்டுங்கள். முக்கோணத்தை முக்கோணத்தின்மேல் வைப்பது அவர்களுக்கு இன்னொரு விளையாட்டு. எடுத்து வைக்கும் பாட்டை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், அதுதான் மணி. உங்களுக்கு அலுத்துப்போகும், அவர்களுக்கு அலுக்காது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு அனுப்பாதீர்கள். தள்ளு, கடி எல்லாம் அந்த வரிசையில்தான். களிமண் கோஷ்டி முதலில் கை கழுவட்டும், மற்றவர்கள் அதுவரை அடுக்கட்டும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு தாத்தா: பேத்தி யூகேஜி. இன்னும் "அ" சரியாக வரவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை பக்கம் பக்கமாக எழுதுகிறது.

ஐயா, விஜயதசமிக்கு அரிசியில்தானே குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம்? பென்சிலையா கொடுக்கிறோம்? "அ"வில் எத்தனை வளைவு என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அத்தனைக்கும் விரலும் மணிக்கட்டும் வளைந்து கொடுக்க வேண்டும். களிமண் உருட்டுவதும் ஈரத்துணி பிழிவதும் அதற்குத்தான். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். 14 குழியிலும் ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போடட்டும். எண்ணிக்கையும் வரும், பிடியும் வரும். 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியைத்தான் சொல்கிறது. எதிர்வீட்டைப் பார்ப்பதை நிறுத்தினால் பாதிக் கவலை போய்விடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து: மாண்டிசோரியும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. மாண்டிசோரி என்பது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உருவாக்கிய முறை. 1939இல் இங்கே நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் குறிப்பிட்ட பயன் உண்டு, அதைப் பிள்ளையின் "வேலை" என்பார்கள். எங்களிடம் ஒரு கட்டை முதலில் ஃபோனாகவும் கொஞ்ச நேரத்தில் மீனாகவும் இருக்கலாம். இரண்டிலும் தேர்ந்தெடுப்பது பிள்ளைதான்.

பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா: ஜூன்ல சேர்க்கப் போறோம். அழுதா என்ன செய்யறது? கண்ல படாம நழுவிடலாமா?

நழுவாதீர்கள் சார். மறுநாள் கேட்டுக்குள்ளேயே வரமாட்டாள். "கதை முடிஞ்சதும் அப்பா வந்துடுவேன்" என்று சொல்லி டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள். 12.15 என்றால் அவளுக்குத் தெரியாது, கதை எப்போது வரும் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும். உங்கள் கைக்குட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் நல்லது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு தலை தெரிந்தால் போதும், அடங்கியிருந்த அத்தனை பேரும் சேர்ந்து ஆரம்பிப்பார்கள்.