திருவாதிரைக் களியும் நரகக்குழியும்

வணக்கம். போன திருவாதிரையன்று என் எட்டு வயதுப் பையன் களி வேண்டாம் என்று அடம்பிடித்தான். “திருவாதிரைக்கு ஒரு வாய்க்களி, தின்னாதவருக்கு நரகக்குழி” என்று என் மாமியார் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க “நான் நரகத்துக்குப் போயிடுவேனாம்மா?” என்று அழுதான். இந்த வருஷம் களியே கிண்டப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?
வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள தோழிக்கு,

குழந்தை அழுதது சின்ன விஷயமில்லை. அப்படி ஒரு குழி எங்கும் கிடையாது என்று அவனை மடியில் வைத்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் களியை நிறுத்தாதீர்கள்.

எங்கள் தெருவில் இந்தச் சொலவடையை மிரட்டலாகக் கேட்டதில்லை. கையில் தூக்கோடு வாசலில் வந்து நிற்கிறவர்கள், “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்று மறுக்கிறவரிடம் சொல்வது அது. ஒரு வாயாவது எல்லார் வயிற்றுக்கும் போகவேண்டும், தனியாக இருக்கும் கிழவிக்கும் வேலைக்கு வந்தவருக்கும் சேர்த்து. சேந்தனார் கதையும் அதுதானே. தினமும் ஒரு அடியாருக்குச் சோறு போட்டுவிட்டுச் சாப்பிடுகிற விறகுவெட்டி, மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில் வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார், சிவன் அடியாராக வந்து சாப்பிட்டார், மறுநாள் சிதம்பரத்தில் கருவறை முழுக்கக் களி சிதறிக் கிடந்தது என்பார்கள்.

விடவேண்டிய நம்பிக்கை வேறு இருக்கிறது. திருவாதிரை நோன்பில் சில வீடுகளில் சுமங்கலிகள் தாலிச் சரடு மாற்றிக்கொள்வார்கள், எங்கள் வீட்டிலும் உண்டு. கணவரை இழந்த என் அத்தைதான் விடியற்காலை எழுந்து அரிசியைச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்து உருளியில் கை வலிக்கக் கிளறுவார். நெய் ஊற்றி இறக்கியதும், யாரும் சொல்லாமலே, புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்குப் போய்விடுவார், அந்த மார்கழிப் பனியில். சரடு கட்டும்போது அவர் எதிரே வந்தால் ஆகாதாம். அவர் கிளறிய களி மட்டும் சாமிக்கு ஆகும்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானாவது போய்க் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

மார்கழியே பீடை மாதம், நல்லது செய்யக்கூடாது என்பதும் இப்படித்தான். பீடுடைய மாதம் என்பது பேச்சில் திரிந்து பீடையாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். “மாதங்களில் நான் மார்கழி” என்று கீதையில் கண்ணன் சொன்ன மாதத்துக்கு இப்படி ஒரு பெயர்.

இந்த வருஷம் களி கிண்டுங்கள். ஏழுகறிக் கூட்டும் வையுங்கள், வெல்லத்தின் தித்திப்புக்கு அந்தப் புளிப்பும் காரமும் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு இறங்கும். பையன் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்குத் தூக்கை அவனிடமே கொடுத்தனுப்புங்கள். சேந்தனார் கதையை உங்கள் மாமியாரே அவனுக்குச் சொல்லட்டும். அவரையும் சின்ன வயதில் யாரோ இந்த நரகக்குழியைச் சொல்லித்தான் ஊட்டியிருப்பார்கள்.