எல்லோருக்கும் எட்டும் மின்னூல்: பதிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நூல்களைப் பிடிஎஃப் கோப்புகளாக விற்கிறோம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அவற்றை உளறலாக வாசிப்பதாகப் பார்வையற்ற வாசகர் ஒருவர் சொல்கிறார். கோளாறு அவருடைய மென்பொருளிலா?

பதில்: கோளாறு கோப்பில்தான். உங்கள் வடிவமைப்பாளர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பக்கம் அமைக்கிறார் என்று ஊகிக்கிறேன். அத்தகைய எழுத்துருவில், கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும் சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. திரைவாசிப்பானோ எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியைத்தான் படிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் ஆனாலும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளானாலும் இதில் வேறுபாடு இல்லை. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தால், வாசகரின் காதில் விழுவதும் அவைதான்.

தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறிகள் கொண்ட உலகப் பொது முறையான யூனிகோடில் அமைத்த பிடிஎஃப்பும் முழுமையாக நம்பத்தக்கதன்று. கொம்புகள் இடம் மாறி, சொற்கள் உடைந்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே மூலக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, அதிலிருந்து இபப் என்னும் மின்னூல் கோப்பு வடிவில் நூலை உருவாக்குவதே என் பரிந்துரை. எழுத்துரு மாற்றும் கருவிகள் நூலில் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும் என்பதால், மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

கேள்வி: இபப் ஆக்கினால் மட்டும் போதுமா?

பதில்: போதாது. அத்தியாயத் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. ஹெடிங் பாணியில் அமைத்தால்தான் செவிவழி வாசகர் ஒரு விசையில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவ முடியும். கோப்பின் மொழி தமிழ் என்று குறிப்பிடாவிட்டால் சில கருவிகள் ஆங்கிலக் குரலிலேயே படிக்க முயலும். முடித்தபின், எல்லோரும் அணுகத்தக்க நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பு இலவசமாக வழங்கும் ஏஸ் என்னும் சோதனைக் கருவியில் இட்டுப் பாருங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கமான மாற்றுரை இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த மாற்றுரை உருப்படியானதா என்று சொல்லாது.

கேள்வி: எல்லாப் படங்களுக்கும் ‘படம்’ என்று மாற்றுரை கொடுத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: சரியன்று. படம் அந்த இடத்தில் எதற்காக நிற்கிறதோ அதையே மாற்றுரை சொல்லவேண்டும். பாசன வரலாற்று நூலில் வரும் காவிரிப் படுகை வரைபடத்துக்கு, எந்தக் கால்வாய் எங்கே பிரிகிறது என்பது வேண்டும். வரைபடத்தின் நிறம் வேண்டாம். அத்தியாய முடிவில் வைக்கும் கோலத்துக்கு மாற்றுரையைக் காலியாகவே விடலாம். ஆனால் மாற்றுரைக்கான இடத்தையே நீக்கிவிட்டால், சில கருவிகள் கோப்பின் பெயரை எண்களோடு வாசிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: மரபுக் கவிதைகளை எப்படி அமைப்பது?

பதில்: யாரும் கேட்காத நல்ல கேள்வி. சீர் பிரித்து அச்சிட்டால் ‘கற்றதனா லாய’ என்று வரும். இயந்திரக் குரல் ‘லாய’ என்பதைத் தனிச்சொல்லாகவே உச்சரிக்கும். யாப்புக்காகச் சீர் பிரித்த வடிவத்தை முதலிலும், ‘கற்றதனால் ஆய’ என்று சொல் பிரித்த வடிவத்தை அதன் கீழும் தருவது நல்லது. பார்வையுள்ள மாணவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: திருட்டுக்கு அஞ்சிப் பிடிஎஃப்பில் நகலெடுப்பதைத் தடுத்திருக்கிறோம்.

பதில்: அந்தப் பூட்டு திரைவாசிப்பானையும் தடுத்துவிடக்கூடும். பூட்டும்போது, திரைவாசிப்பானுக்கு உரையை அணுகும் அனுமதியைத் தனியாக வழங்கும் தெரிவு அக்ரோபாட் என்னும் பிடிஎஃப் மென்பொருளில் உண்டு; அதை விட்டுவிடாதீர்கள். திருடுபவர் திரையைப் படம் எடுத்தாவது திருடிக்கொள்வார்.

கேள்வி: நாங்கள் ஒரு தொண்டு நிறுவனம். பிறர் பதிப்பித்த நூலைப் பார்வையற்றோருக்காக மாற்றி அமைக்கப் பதிப்பாளரின் அனுமதி வேண்டுமா?

பதில்: இந்தியாவில் வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு இதற்கு இடமளிக்கிறது. ஆயினும் இலாப நோக்கின்றி, தயாரிப்புச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு வழங்கவேண்டும்; படிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே செல்வதையும் பொதுச் சந்தைக்குள் நுழையாததையும் நீங்கள் உறுதிசெய்யவேண்டும். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்ய 2013 இல் உருவான பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். அதில் இணைந்த நாடுகளுக்கிடையே இத்தகைய படிகளைப் பரிமாறிக்கொள்ளவும் வழி உண்டு. வேலையைத் தொடங்குமுன் பார்வையற்றோருக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். அதே நூலை வேறொருவர் ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கக்கூடும்.