எம்.எஸ்சி.யா, ஓசூர் வேலையா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள். ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இடமும் வந்திருக்கிறது. அவளுக்குப் படிக்கத்தான் ஆசை. "மேல படிச்சு என்னத்தைக் கண்டாங்க" என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும் ஐயா?
- தக்காளி விவசாயி ஒருவர், பாலக்கோடு

பதில்: அண்ணன் பேச்சில் பாதி நிஜம். தர்மபுரிப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் நடத்தியவன் நான். எம்.எஸ்சி. முதல் நாள் வகுப்பில் "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டால், "வீட்ல சும்மா இருக்க வேணாம்னு சார்" என்பார்கள். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு வருஷம் சில்வர் நைட்ரேட் வாங்கக் காசில்லாமல், பழைய நோட்டிலிருந்த ரீடிங்கைப் பார்த்து எழுத விட்டோம். அந்தப் பட்டத்தை எந்தக் கம்பெனி மதிக்கும்?

இன்னொரு பாதியும் இருக்கிறது. என்னிடம் எம்.எஸ்சி. படித்த ஒரு பெண் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி லேபில் இருக்கிறாள். சீசனில் போய்ப் பார்த்தேன். பெங்களூரா மாம்பழக் கூழில் ஒரு சொட்டைக் கருவிக் கண்ணாடியில் வைத்து பிரிக்ஸ் பார்க்கிறாள். அதுதான் இனிப்பின் அளவு. அப்புறம் புளிப்பு. "ரீடிங் எல்லாரும் எடுப்பாங்க சார். ஏன் தப்பா வருதுன்னா என்கிட்டதான் வருவாங்க" என்றாள். மேற்படிப்புக்குச் சம்பளம் அந்த 'ஏன்' என்பதற்குத்தான்.

அதனால் ஓசூரில் முதலில் ஒன்று விசாரியுங்கள்: வேலை அசெம்பிளி லைனிலா, தரப் பரிசோதனை லேபிலா? லேப் என்றால் ஒரு வருஷம் போய் வரட்டும், கை பழகும். லைன் என்றால் எம்.எஸ்சி.யே சேருங்கள். ஆனால் சேருவதற்கு முன் கல்லூரி லேபை நேரில் பாருங்கள். பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழலின் அடியில் உள்ள திருகைத் திருகினால் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று உங்கள் பெண்ணே பார்த்துச் சொல்லிவிடுவாள்.

'ஒரு வருஷ எம்.எஸ்சி.' என்று யாராவது சொன்னால், அது நான்கு வருஷப் பட்டம் வாங்கியவர்களுக்கு. உங்கள் மகளுக்கு இரண்டு வருஷம்தான். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலை என்றால் பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வும் எழுத வேண்டும். ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால், சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அண்ணனிடம் இந்தத் தொகையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எம்.ஃபில். சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: யார் சொன்னது! பிஎச்.டி.க்கு முந்தைய அந்த ஆராய்ச்சிப் படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளோடு போய்விட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டம் செல்லும். புதிதாகச் சேரச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.