யூனிட்டியில் கடைவீட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் காணவில்லை

சுவர் எங்கும் போகவில்லை, அதன் நார்மல்கள் (மாடலின் ஒவ்வொரு தளத் துண்டும், அதாவது முகமும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் திசைகள்) உட்புறம் திரும்பியிருக்கின்றன. நீங்கள் செய்த பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டு வரிசையின் 3டி மாடல், அதை உருவாக்கிய மென்பொருளான பிளெண்டரில் முழுதாகவும் கேம் எஞ்சினான யூனிட்டியில் ஓட்டையாகவும் தெரிவது அதனால்தான். பிளெண்டர் முகத்தின் இரு புறத்தையும் காட்டும். யூனிட்டி பொதுவாகப் பின்புறத்தை வரையாது.

பிளெண்டரின் எடிட் மோடில் (வடிவத்தைத் திருத்தும் நிலை) ஒரு பக்கச் சுவரை நகலெடுத்து, எக்ஸ் அச்சில் ஸ்கேல் -1 கொடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினீர்களா? அப்படிச் செய்தால் நார்மல்களும் திரும்பிவிடும். வரிசை வீடு செய்யும்போது எல்லாருக்கும் கை அங்கேதான் போகும்.

பிளெண்டரின் ஓவர்லே மெனுவில் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டுப் பாருங்கள், முகத்தின் பின்புறம் சிவப்பாகத் தெரியும். வெளிச்சுவர் சிவப்பாக இருந்தால், எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+என் அழுத்துங்கள், நார்மல்கள் வெளிப்புறம் திரும்பும். அப்புறம் யூனிட்டிக்குக் கொண்டுபோகும் எஃப்பிஎக்ஸ் கோப்பை மறுபடி ஏற்றுமதி செய்தால் சரி.

ஜன்னல் பலகை மாதிரி தடிமனே இல்லாத ஒற்றைத் தளங்களுக்கு மட்டும் இது உதவாது. அவற்றுக்கு, தளத்துக்குத் தடிமன் சேர்க்கும் பிளெண்டர் கருவியான சாலிடிஃபை மாடிஃபையரில் கொஞ்சம் தடிமன் கொடுங்கள்.