சனி, ஞாயிறு ஒரு குவார்ட்டர்: இது அளவான குடியா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. சனி ஒரு குவார்ட்டர், ஞாயிறு ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான். பிரஷர் பார்க்கப் போன இடத்தில் குடி பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு ‘8 மார்க்’ என்றார்கள். குடிகாரராக இல்லாதவரிடம் எதற்கு இந்த விசாரணை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விசாரணை இல்லை அம்மா. ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது மாதிரிதான். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ கேள்வித்தாள் அது. மொத்தம் 40 மார்க். 42.8 சதவீத பிராந்தி என்றால், 180 மில்லி குவார்ட்டரில் கிட்டத்தட்ட 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இந்தக் கணக்கில் 10 கிராம் ஓர் அளவு. ஒரே குவார்ட்டர் ஆறு அளவு! வாரத்துக்கு இரண்டு முறை குடிப்பதற்கு 3 மார்க், ஒரு தடவைக்கு ஆறு அளவு என்பதற்கு 2, அது வாராவாரம் நடப்பதற்கு 3. மற்ற ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ என்றாலும் 8 வந்துவிடும்.

8 முதல் 15 வரை எடுப்பவர் பெரும்பாலும் அடிமையாகியிருக்க மாட்டார். ஆனால் உடம்பு கெடத் தொடங்கும் கட்டம். டாக்டர் பத்து நிமிடம் பேசினாலே பலர் குறைப்பது இங்கேதான். 16 முதல் 19 வரை என்றால் தொடர் ஆலோசனை; 20 அல்லது அதற்கு மேல் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் திட்டக் கூடாது. பிரஷருக்கும் குவார்ட்டருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி, “குறைக்க முடியும் என்று பத்துக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். அவர் 4 என்றால், “ஏன் 2 சொல்லவில்லை?” என்பதே அடுத்த கேள்வி. காரணத்தை அவர் வாயாலேயே சொல்வார். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பல இடங்களில் கோட்டை விடுவது இதைத்தான்.

இன்னொன்று: கேள்வி கேட்கும்போது நீங்கள் வெளியே இருங்கள். மனைவி பக்கத்தில் இருந்தால், அவர் சொல்லும் கணக்கில் குவார்ட்டர் பாதியாகி ‘கட்டிங்’ ஆகிவிடும்.

கேள்வி: தம்பி தினமும் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறான். காலையில் கை நடுங்குகிறது. வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்து குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நடுக்கத்துக்கான மாத்திரையை அங்கே கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும், வெறும் குளுக்கோஸ் மூளையைப் பாதிக்கலாம். தினமும் குடிப்பவர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலப்பதும் வேண்டாம். வழி கேட்க 14446-ஐ இலவசமாக அழைக்கலாம்.