மூன்று வாரத்தில் ஒரு கற்பனை விமானம்: கேள்வி பதில்

அடுத்த மாதம் ஹட்டனில் நடக்கப்போகும் விமான மாதிரிக் கண்காட்சிக்கு இந்த முறை ஒரு நிபந்தனை. கடையில் வாங்கிய கிட் கூடாது. எங்கும் பறந்திராத, நீங்களே கற்பனை செய்த விமானமாக இருக்க வேண்டும், அதுவும் மலையகத்துக்கு ஏற்றதாக. அளவு 1/72 அல்லது 1/48, அதாவது நிஜத்தில் 72 இல் ஒரு பங்கு அல்லது 48 இல் ஒரு பங்கு. கையில் இருப்பது மூன்று வாரம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன், இல்லாத விமானம்தானே, எப்படிச் செய்தாலும் பிழை சொல்ல ஆள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (உயர்தர மாணவர், ஹட்டன்)

தம்பி, பிழை சொல்ல ஆள் இல்லாததுதான் ஆபத்து. உண்மையான விமானம் என்றால் வரைபடம் கையைக் கட்டிப்போடும். கற்பனை விமானத்தில் பத்தாவது நாள் வாலைப் பிடிக்காது, பதினைந்தாவது நாள் இரண்டாவது இயந்திரம் வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். கண்காட்சிக்குப் பாதியில் வந்து சேரும் மாதிரிகளில் பல அப்படிப்பட்டவைதான்.

முதல் இரண்டு நாளும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் கதை எழுதுங்கள்: எந்தக் காலம், யாருக்காக, எங்கே இறங்கும், எதைச் சுமக்கும். உருவத்தை அந்தக் கதையே சொல்லிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 83 சதவீதம்தான். அந்தக் காற்றில், குறுகிய தரையிலிருந்து எழும்ப வேண்டுமென்றால் இறக்கை பெரிதாக இருக்க வேண்டும், இயந்திரமும் பலமாக இருக்க வேண்டும். ஒல்லியான, அம்பு மாதிரி இறக்கையோடு ஒன்றைக் கொண்டுவந்து "நுவரெலியா விமானம்" என்று வைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

இன்னொன்று. உங்கள் கைக்கு எது வருமோ அதையே வரையுங்கள். நுனிவரை ஒரே அகலமான இறக்கை, தட்டையான பக்கங்கள் கொண்ட உடல், மடங்காத சக்கரங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. பிலாட்டஸ் போர்ட்டருக்கும் பிரிட்டன் நோர்மன் ஐலண்டருக்கும் அப்படிப்பட்ட நேர் இறக்கைதான், மடங்காத சக்கரம்தான். கரடுமுரடான தரைகளில் இறங்கியே பெயர் எடுத்த விமானங்கள் அவை. மூன்றாம் நாள் காலையில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு அதில் பென்சில் படக்கூடாது.

அளவுகளை எப்படி முடிவு செய்வது? பிள்ளைகள் கண் மதிப்பில் வரைகிறார்கள். (ஆசிரியை, பண்டாரவளை)

டீச்சர், கண் மதிப்பு வேண்டாம். உங்கள் கதைக்கு நெருக்கமான ஓர் உண்மை விமானத்தின் அளவை எடுத்து மில்லிமீற்றராக்கி 72 ஆல் அல்லது 48 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். டி ஹவிலன்ட் பீவரின் இறக்கை 14.63 மீற்றர். 1/72 இல் அது 203 மில்லிமீற்றர், 1/48 இல் 305. இந்த அளவு மேசைக்கும் கைக்கும் வசதி. இரண்டாம் உலகப் போரில் கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா பறக்கும் படகைப் போலப் பெரிதாக யோசித்தால் அதன் இறக்கை 31.7 மீற்றர், 1/72 இலேயே 440 மில்லிமீற்றர் வந்துவிடும். மூன்று வாரத்துக்கு அது அதிகம்.

அட்டையில் ஒரு மனிதனையும் வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1.7 மீற்றர் ஆள் 1/72 இல் 24 மில்லிமீற்றர் உயரம், 1/48 இல் 35. கதவு, ஜன்னல், விமானி அறை எல்லாவற்றையும் அவன் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வரைய வேண்டும். கற்பனை விமானம் விளையாட்டுச் சாமான் போலத் தெரிவதற்கு முதல் காரணம் கதவு பெரிதாக இருப்பது. அடுத்தது இறக்கையின் பின் ஓரம் தடிப்பாக இருப்பது. 1/72 இல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்றால் நிஜத்தில் 7 சென்ரிமீற்றருக்கும் மேல். பின் ஓரத்தைக் கத்தி போல வரும்வரை சேண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும்.

மாதிரி செய்யும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு இங்கே கிடைக்காது. கொழும்பிலிருந்து வர ஒரு வாரம் போய்விடும். என்ன செய்யலாம்? (தலவாக்கலை, லிந்துலை, மஸ்கெலியாவிலிருந்து பலர்)

காத்திருக்க வேண்டாம். யோகட் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், நீங்கள் தேடும் அதே பொருள். 5 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் சுப்பர் குளூ பிடிக்காது. கப் மெல்லியது என்பதால் கதவு விளிம்பு, மூடிகள், சுக்கான் போன்ற சின்ன வேலைகளுக்கு நல்லது. புரொபெல்லர் இதழுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. கப்பின் பக்கச் சுவரில், நிமிர்ந்த கோட்டிலிருந்து சுமார் 15 பாகை சாய்த்து இதழை வரைந்து வெட்டினால் இதழுக்கு வேண்டிய முறுக்கு தானாகவே வந்துவிடும். ரப்பர் வளைய விமானம் செய்பவர்களின் பழைய உத்தி இது.

உடலுக்கும் இறக்கைக்கும் பெயர்ப்பலகை அடிக்கும் கடையில் கேளுங்கள். வெட்டி மிஞ்சிய பிவிசி போம் போட் துண்டுகள் மூலையில் கிடக்கும். கத்தியால் வெட்டலாம், தேய்க்கலாம், சுப்பர் குளூவும் பிடிக்கும். வளைந்த மூக்கு, இயந்திர மூடி போன்றவற்றுக்கு அல்பீசியா மரத்துண்டு. நம் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரம்தான். பால்சா அளவுக்கு இல்லாவிட்டாலும் இலேசானது, செதுக்கச் சுகமானது. ஆனால் நார் தெரியும். டிங்கரிங் வேலை செய்பவர்கள் காருக்குப் பூசும் என்.சி. புட்டியை மெல்லியதாக இரண்டு தடவை பூசி, 400 ஆம் இலக்கச் சேண்ட் பேப்பரிலிருந்து 800 வரை தேய்த்தால் நார் மறைந்துவிடும். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் உள்ளே காயாமல் கிடந்து பிறகு வெடிக்கும்.

ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளைப் போம்) பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சாதாரண சுப்பர் குளூ அதைக் கரைத்துவிடும், ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) ஒட்டி, மேலே கடதாசியைப் பைண்டரில் நனைத்து மூடினால் பெயின்ட் தாங்கும். ஆனால் அது காய எடுக்கும் நேரத்தை மலைநாட்டில் நம்ப முடியாது. எனக்குக் கேட்டால் ரெஜிபோமை விட்டுவிடுங்கள்.

என் கதை: 1950-களில் தேயிலைக்கு மருந்து அடிக்கும் விமானம். இது நம்பும்படி இருக்குமா, அண்ணா? (கல்லூரி மாணவி, நானுஓயா)

வந்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தங்கச்சி. கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது 1946 இல். மழையும் மூட்டமும் அந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அதைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்து தெளித்தார்கள். ஆக, ஏன் இப்படி ஒரு விமானம் என்ற கேள்விக்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறது.

இனி உருவம். மருந்துத் தாங்கியை இயந்திரத்துக்கும் விமானிக்கும் நடுவில் வையுங்கள். விமானி பின்னால், உயரமாக உட்காருவார். 1950-களின் கடைசியில் வந்த பைப்பர் பௌனி என்ற மருந்து தெளிக்கும் விமானத்துக்கும் இதே அமைப்புத்தான். விழுந்தாலும் தாங்கி விமானியின் மேல் வந்து நசுக்காது. தேயிலைச் சரிவில் திரும்ப இடம் குறைவு என்பதால் இறக்கை அகலமாக, வால் பெரிதாக. இறக்கையின் கீழே பின் ஓரத்தை ஒட்டித் தெளிக்கும் குழாய் போகும். அதற்கு கிட்டார் கம்பி போதும்.

நிறம்தான் உங்கள் பலம். செம்பு மருந்து காய்ந்தால் வெளிறிய நீலப்பச்சை. குழாய்க்குப் பின்னாலும், உடலின் அடியிலும், வால் சக்கரத்தைச் சுற்றியும் அந்தக் கறையை மெல்லியதாக இழுத்து விடுங்கள். மேல் பக்கம் சுத்தமாகவே இருக்கட்டும். எல்லா இடத்திலும் அழுக்குப் பூசினால் எதுவுமே தெரியாது.

பதிவெழுத்தில் கவனம். இன்றைய நம் விமானங்களில் 4ஆர் என்று தொடங்கும் எழுத்து இருக்கும். 1947 இல் எயார் சிலோன் தொடங்கியபோது அதன் டகோட்டாக்களில் இருந்தது விபி-சி. உங்கள் கதையின் ஆண்டுக்கு உரியதைப் போடுங்கள். "ஸ்ரீ லங்கா" என்று எழுதாதீர்கள், அந்தப் பெயர் 1972 இல்தான் வந்தது.

விமானி அறைக் கண்ணாடிக்கு என்ன வழி? (நுவரெலியா)

சோடாப் போத்தல். செதுக்கிய மர அச்சைப் போத்தலுக்குள் நுழைத்து, வெளியே ஹொட் எயார் கன்னால் சூடுகாட்டினால் பிளாஸ்டிக் சுருங்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். தலைமுடி காயவைக்கும் கருவியின் சூடு போதாது. அச்சை 1,200 வரை தேய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் நார் முழுவதும் கண்ணாடியில் பதியும். ஒட்டுவதற்குப் பைண்டர் கம் மட்டும். சுப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும்.

இரண்டு தடவை முயன்றும் சரிவரவில்லையா? மர அச்சையே ஒட்டி, ஜன்னல்களை மினுங்கும் கறுப்பில் அடித்து முடியுங்கள். சின்ன அளவில் தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ விமானத்தின் ஜன்னலும் கறுப்பாகத்தான் தெரியும்.

மழை விடவே இல்லை, பெயின்ட் காயவில்லை. அப்பா தொழிற்சாலையில் வேலை, கொழுந்து வாட்டும் மாடியில் வைத்துக் காயவைக்கலாமா? (நோர்வூட்)

நல்ல யோசனை மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் வேண்டாம். அங்கே காற்று ஓடுவது கொழுந்திலிருந்து ஈரத்தை இழுக்கத்தான், அந்த ஈரம் முழுவதும் அதே மாடியில்தான் சுற்றும். கீழே டிரையர் பக்கம் போனால் தேயிலைப் பஞ்சு பறந்துவந்து பெயின்ட்டில் ஒட்டும்.

பெரிய கார்ட்போட் பெட்டியில் ஒரு 40 வொட் பழைய இழைபல்பை மாட்டி, மேலே நாலைந்து துளை போடுங்கள். பல்புக்கும் மாதிரிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அட்டையிலும் பல்பு படக்கூடாது, ஆள் இல்லாதபோது எரியவிடவும் கூடாது. கைக்கு இளஞ்சூடாக இருந்தால் போதும், கூடினால் பிவிசி வளையும். எனாமல் பெயின்ட் என்றால் இந்தக் குளிரில் ஒரு பூச்சுக்கு இரண்டு நாளாவது விடுங்கள். அவசரம் என்றால் அக்ரிலிக்குக்கு மாறுங்கள். ஸ்ப்ரே டப்பாவை மூட்டத்தில் அடித்தால் மேலே பால் படிந்ததுபோல வெளுக்கும். மழை விட்ட நடுப்பகலில் அடியுங்கள், டப்பாவை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். கொதிநீர் கூடவே கூடாது. பண்டாரவளைப் பக்கத்துக்காரர்களுக்கு நடு வருடத்தில் இந்தத் தொல்லை குறைவு, கொடுத்துவைத்தவர்கள்.

மூக்குச் சக்கரம் வைத்தேன், விமானம் வாலில் உட்காருகிறது. (கொட்டகலை)

மூக்கை மூடுவதற்கு முன் மீன்தூண்டில் ஈயத்தை உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். இப்போது அடியில் துளைபோட்டு ஈயக்குண்டுகளைப் பைண்டரோடு இறக்குங்கள். இன்னும் தொடங்காதவர்கள் வால்சக்கர விமானமாகவே வரையுங்கள். முன் சக்கரம் எடைமையத்துக்கு முன்னால் நின்றால் அது தானாகவே வாலில் உட்காரும், ஈயமே வேண்டாம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் பறக்கும் படகு செய்கிறேன். அடிப்பகுதி வழவழப்பாக இருந்தால் போதும்தானே? (டிக்கோயா)

போதாது. அடியில், எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு படி வெட்டு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடியைப் பிடித்துக்கொள்ளும், எழும்பவே முடியாது. இரண்டு துண்டு போம் போட்டை உயர வித்தியாசத்தோடு ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. இறக்கை நுனிகளில் மிதவையும் வேண்டும்.

பின்னணியாக ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானக் காட்சி வைக்கலாமா? (நோர்ட்டன் பிரிட்ஜ்)

1974 டிசம்பர் 4 இல் அந்த மலையில் மோதிய டிசி-8 இல் 191 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள். அதை நினைவுகூர ஒரு மாதிரி செய்வது வேறு, கற்பனை விமானத்துக்கு அலங்காரமாக வைப்பது வேறு. இரண்டாவதை நான் செய்யமாட்டேன். மலை வேண்டுமென்றால் வெறும் மலையாக வையுங்கள்.

அண்ணே, உண்மையைச் சொல்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. பத்து நாள்தான் இருக்கிறது. (பெயர் வேண்டாமாம்)

கடைசி நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள். கடைசி நாள் பெட்டி கட்ட. அதற்கு முந்திய நாள் எழுத்தும் கறையும். அதற்கு முன் மூன்று நாள் அக்ரிலிக் பூச்சு. மிச்சம் ஐந்து நாள்: ஒன்றில் வரைபடம், மூன்றில் வெட்டி ஒட்டுதல், ஒன்றில் புட்டியும் தேய்ப்பும். இதில் உள்ளே இருக்கை, கருவிப்பலகை எதுவும் கிடையாது. ஜன்னல் கறுப்பு. சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான், அதற்கு மேல் கண்ணீர்த்துளி வடிவ மூடி. தகடுகள் பொருந்தும் இடத்துக் கோடுகளைக் கீறவேண்டாம், கூரான பென்சிலால் மெல்ல இழுங்கள். 1/72 இல் ஒரு மில்லிமீற்றர் பள்ளம் நிஜத்தில் கை நுழையும் இடைவெளி. எதை விட்டாலும் இரண்டு இறக்கையும் ஒரே உயரத்தில், வால் நேராக நிற்பதை மட்டும் விடாதீர்கள். முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், கோணல் உடனே தெரியும்.

பதுளையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். உடையாமல் எப்படி?

இறக்கையை ஒட்டாமல் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். சைக்கிள் ஸ்போக் கம்பி 2 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் இரண்டு துண்டை இறக்கையில் பதித்து, உடலில் அதே அளவுத் துளை. உடலைப் பலகையில் திருகாணியால் பிடித்து, அந்தப் பலகையைப் பெட்டியின் அடியில் திருகுங்கள். கடதாசிப் பந்துகளால் அடைத்தால் வளைவுகளில் அழுத்தி அன்டெனாவை உடைக்கும், மாதிரியைச் சுற்றிக் காற்று மட்டும் இருக்கட்டும். பெட்டி மடியில் இருக்க வேண்டும், மேல் தட்டில் வேண்டாம். சுப்பர் குளூவும் ஒரு சின்னப் போத்தல் பெயின்ட்டும் பையில் வந்தால் நல்லது. மண்டபத்தில் எனக்கும் தேவைப்படும்.