தியானத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. மனச்சோர்வுக்காக ஐந்து மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இந்த நோய் எனக்கு வருவது இது இரண்டாவது முறை. இப்போது தூக்கம் வருகிறது, வேலைக்கும் ஒழுங்காகப் போகிறேன். மூன்று மாதமாகத் தியான வகுப்புக்கும் போகிறேன், அது மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் மாத்திரை மனதை மரத்துப்போக வைக்கும், அதை விட்டால்தான் தியானம் பலிக்கும் என்று ஆசிரியர் சொன்னார். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறேன். மூன்று வாரமாகத் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போல ஓர் உணர்வு, காரணமே இல்லாமல் அழுகை. உடம்பில் தேங்கிய மருந்து வெளியேறுகிறது என்கிறார் ஆசிரியர். என் அக்கா வேறு நரம்புக்கு நல்லது என்று ஒரு மூலிகைப் பொடி தந்திருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது, தெரிந்தால் திட்டுவார். இரண்டு வழியிலும் போகலாமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு வழியிலும் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் குணமாகிறார்கள். ஆனால் இப்போது நீங்கள் செய்வது இரண்டையும் சேர்ப்பது இல்லை. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கிறீர்கள், அதுவும் யாருக்கும் தெரியாமல். எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் அந்தத் தலைசுற்றலைப் பற்றிப் பேசிவிடுவோம். எஸ்சிட்டலோபிராம் உடம்பிலிருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிட்டால் இரத்தத்தில் அதன் அளவு ஓரளவு சீராக இருக்கும். ஒரு நாள் விட்டால் அடுத்த மாத்திரைக்கு முன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும், மாத்திரை போட்டதும் மறுபடி ஏறும். மாதக்கணக்கில் அந்த மருந்துக்குப் பழகிய மூளையை நீங்கள் இப்படி ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தலைக்குள் மின்சாரம் சுண்டுவது, தலைசுற்றல், அழுகை, எரிச்சல், தெளிவான பயங்கரக் கனவுகள் எல்லாம் இந்த வகை மாத்திரையைச் சட்டென்று குறைக்கும்போது வருபவை. மனநல மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம் இது. தேங்கிய நஞ்சு எதுவும் வெளியேறவில்லை. மூளைக்குப் பழகிய ஒன்று திடீரென்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. இரண்டையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரை போட்டதும் சரியாகிறதே, அப்படியானால் நான் இதற்கு அடிமையாகிவிட்டேன் என்று பயந்து சிலர் ஒரேயடியாக நிறுத்துவார்கள். அது அடிமைத்தனம் இல்லை. மாத்திரை வேண்டும் வேண்டும் என்ற ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியோ உங்களுக்கு இல்லையே. வேறு சிலர் நோய் திரும்பிவிட்டது என்று மனம் உடைந்துபோவார்கள். குறைப்பதால் வரும் தொல்லை பெரும்பாலும் சில நாட்களிலேயே தலைகாட்டும். நோய் திரும்புவது பொதுவாக மெதுவாக, வாரங்களிலோ மாதங்களிலோ நடக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உங்கள் டாக்டருக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மாத்திரை விட்டதே அவருக்குத் தெரியாதபோது அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

உங்கள் ஆசிரியர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த மாத்திரைகள் சிலருக்கு உணர்ச்சிகளை மழுங்கடிப்பது உண்மைதான். அழுகையோடு சிரிப்பும் குறைந்துபோகும். உங்களுக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். மருந்தை விட்டுத் தியானத்துக்கு வந்தவர்களும் உண்டு. 2015-ல் பிரிட்டனில் 424 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து, மருந்தால் தேறியிருந்தவர்கள் அவர்கள். ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள். மற்ற பாதியினர் எட்டு வாரம் விழிப்புணர்வுத் தியானப் பயிற்சி எடுத்துக்கொண்டு மருந்தைக் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் மருந்தில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், தியானத்துக்கு வந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் மருந்தைக் குறைத்தது மருத்துவரின் துணையோடு, படிப்படியாக. கற்றுக்கொடுத்தவர்களும் மனச்சோர்வைப் பற்றித் தெரிந்து பயிற்சி பெற்றவர்கள். அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

2021-ல் வந்த இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். பல காலம் மருந்து சாப்பிட்டு, நன்றாக இருக்கிறோம், நிறுத்தலாம் என்று நினைத்தவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு வருடத்துக்குள், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம். நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் நிறையப் பேர் என்பதும் இதில் இருக்கிறது, ஆபத்து கூடுகிறது என்பதும் இருக்கிறது. நீங்களோ இப்போதுதான் தேறி வருகிறீர்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம், இரண்டாவது முறை வந்தவர்களுக்கு அதைவிட நீளலாம். நிறுத்தும் நாள் வரும். அன்று மெல்லக் குறைக்க வேண்டும், அதிலும் கடைசிச் சிறு அளவுகளைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும்.

தியானத்தை விடாதீர்கள். பிடித்துச் செய்யும் ஒன்று கிடைப்பது உங்கள் நிலையில் பெரிய விஷயம். பல நாள் மௌன முகாம், தூக்கத்தைக் குறைக்கும் பயிற்சி போன்றவற்றை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ இருமுனைக் கோளாறோ (அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) மனச்சிதைவோ இருந்திருந்தால் அந்த மாதிரி முகாமும் பயிற்சியும் இன்னும் ஆபத்து. அப்புறம், நடை, ஓட்டம் ஏதாவது செய்கிறீர்களா? அதுவும் மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது, மாத்திரையோடு மோதவும் மோதாது.

பொடி விஷயத்தில்தான் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: இப்போது வேண்டாம். மூலிகையை இளக்காரமாக நினைத்துச் சொல்லவில்லை. மனநல மருத்துவத்தின் ஆரம்பகால மருந்துகளில் ஒன்றான ரெசர்பின், சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டதுதான். மூலிகைக்கு வேலை செய்யும் சக்தி உண்டு என்பதால்தான் பயப்படுகிறேன். செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது பலன் தருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. அதையே உங்கள் மாத்திரையோடு சேர்த்தால் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனம் அளவுக்கு மீறிப் போய் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் என்று ஆபத்தில் முடியலாம். கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும். உங்கள் அக்கா தந்த பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

சரி, டாக்டரிடம் எப்படிச் சொல்வது? நேரில் போய்ச் சொல்லும்வரை காத்திருக்காமல் இன்றே தொலைபேசியில் பேசுங்கள். "மூன்று வாரமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறேன். தலைசுற்றல், அழுகை இருக்கிறது. பழையபடி தினமும் எடுக்கலாமா? தியானமும் செய்கிறேன், அதைத் தொடர ஆசை. மாத்திரையை எப்போது, எப்படிக் குறைக்கலாம்?" இவ்வளவுதான். தாளில் எழுதி வைத்துப் படித்தாலும் தவறில்லை. அவர் கேட்காமலேயே திட்டினால் கேட்கத் தெரிந்த வேறு மனநல மருத்துவரிடம் போங்கள், அது உங்கள் உரிமை. அதுவரை நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எந்த நேரம் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது உடனே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியரிடமும் மறைக்காதீர்கள். "மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார், எனக்கு மூச்சைக் கவனிக்க மட்டும் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் இதைக் கேட்டு நிம்மதியடைவார். கோபித்துக்கொண்டால் வேறு வகுப்பு பார்ப்போம். அக்கா அக்கறையில்தான் பொடியைத் தந்திருக்கிறார். "டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் அக்கா" என்று சொல்லி, அடுத்த முறை போகும்போது பாக்கெட்டைப் பிரிக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.